பாத்தியும் கட்டமும்: ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரில் தோட்டத்தின் தடம்

இத்தாலியின் பொம்பெயி நகரம் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்தபோது, அங்கே கீறிவைக்கப்பட்டிருந்த ஐந்து இலத்தீன் சொற்களும் அதனுடன் சேர்ந்து மறைந்து, இருபதாம் நூற்றாண்டின் அகழாய்வில் மீண்டும் வெளிவந்தன. ரோட்டாஸ், ஓப்பெரா, டெனெட், அரெப்போ, சாட்டோர் என்னும் அச்சொற்கள் ஒவ்வொன்றும் ஐந்து எழுத்துகளால் ஆனவை. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் அதே ஐந்து சொற்களையே தரக்கூடியவை. தமிழ் அணியிலக்கணத்தில் சித்திரகவி வகைகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் சருப்பதோபத்திரமும், அதாவது எத்திசையிலிருந்து படித்தாலும் மாறாத செய்யுளும், இதே இன்பத்தை நாடியதுதான். இச்சதுரத்தின் பொருள் பற்றி அறிஞரிடையே ஓயாத சண்டை உண்டு என்றாலும், சாட்டோர் என்பதற்கு விதைப்பவன் என்று பொருள் என்பதில் சண்டை இல்லை. எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடைத்து விளையாடிய மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றில் மண்ணோடு தொடர்புடைய ஒருவன் நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் பிற்காலத்தில் குறுக்கெழுத்துப் புதிர் என்று பெயர் பெற்ற விளையாட்டின் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவர், செடிகொடிகளின் பெயர்களை அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் சந்திக்கிறார்.

இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் பிறந்தநாள் ஐயமின்றித் தெரிந்த ஒன்று. இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழின் ‘ஃபன்’ என்னும் ஞாயிறு இணைப்பில் 1913 டிசம்பர் 21 அன்று, நடுவில் வெற்றிடம் விட்ட சாய்சதுர வடிவில் முதல் புதிரை வெளியிட்டார். அதில் நறுமணச் செடி ஒன்றைக் கேட்கும் குறிப்புக்கு விடை ‘நார்டு’. இமயமலைச் சரிவுகளில் வளர்வதும், தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்ற பெயரில் வேராக விற்கப்படுவதுமான மூலிகையே அது. கோமுட்டி என்னும் தென்கிழக்காசியப் பனையின் நாருக்கு என்ன பெயர் என்று இன்னொரு குறிப்பு கேட்டது. அப்பனையைக் கண்ணால் கண்ட வாசகர் அன்றைய நியூயார்க்கில் அரிதாகவே இருந்திருப்பார். அந்நாருக்குரிய மூன்றெழுத்துப் பெயரை அகராதியின் துணையின்றி எழுதியவர் அதைவிட அரிது. ஆக, புதிருக்குள் முதலில் நுழைந்த தாவரங்கள் தோட்டத்திலிருந்து வந்தவை அல்ல, அகராதியிலிருந்து வந்தவை.

இதற்குக் கட்டத்தின் அமைப்பே காரணம். சைமன், ஷூஸ்டர் என்னும் இரு இளம் பதிப்பாளர்கள் 1924இல் பென்சில் ஒன்றையும் இணைத்து வெளியிட்ட முதல் புதிர்த் தொகுப்பு அமெரிக்காவைப் பித்துப்பிடிக்க வைத்தது. அதையடுத்து அங்கே நிலைபெற்ற கட்டத்தில், ஒவ்வோர் எழுத்தும் குறுக்குச் சொல் ஒன்றிலும் நெடுக்குச் சொல் ஒன்றிலும் பங்கு பெற்றாக வேண்டும் என்பது விதியாயிற்று. அவ்வாறு நெருக்கமாகப் பின்னும்போது உயிரெழுத்து மிகுந்த சிறு சொற்கள் இன்றியமையாதவை ஆகின்றன. நான்கெழுத்தில் மூன்று உயிரெழுத்துகளைக் கொண்ட ‘அலோ’ எனப்படும் கற்றாழை, இரண்டைக் கொண்ட ‘ஐரிஸ்’, பாதி உயிரும் பாதி மெய்யுமாக எங்கும் பொருந்தும் ‘ஏரம்’ போன்ற பெயர்கள், புதிர் அமைப்பவருக்கு இடுக்குகளை அடைக்க உதவும் சல்லிக் கற்களாயின. புதிருக்குள் மட்டுமே அடிக்கடி தலைகாட்டும் இத்தகைய சொற்களின் தொகுதிக்கு அமெரிக்கர் ‘கிராஸ்வர்டீஸ்’, அதாவது குறுக்கெழுத்து மொழி, என்று கேலியாகப் பெயர் சூட்டினர். கற்றாழையை அதன் மருத்துவப் பயனுக்காக அன்றி அதன் உயிரெழுத்துகளுக்காக நினைவில் வைத்திருக்கும் ஒரு கூட்டம் உருவானது.

அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்கு வந்தபோது இவ்விளையாட்டு வேறு உருவம் கொண்டது. ‘பியர்சன்ஸ் மேகசின்’ இதழில் 1922இல் எட்டிப் பார்த்த புதிர், 1924இல் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’, 1925இல் ‘டெய்லி டெலிகிராஃப்’ என்று பரவி, நெடுநாள் தயங்கி நின்ற ‘தி டைம்ஸ்’ நாளிதழை 1930 பிப்ரவரி 1 அன்று வந்தடைந்தது. அந்த நாளிதழ் தன் முதல் புதிரை அமைப்பதற்குப் பேராசிரியர் எவரையும் தேடவில்லை. சஃபோக் மாவட்டத்தில் உழவுத் தொழில் பழகி, அதே ஆண்டில் தம் பண்ணை வாழ்வைப் பற்றிய ‘கார்டுராய்’ என்னும் நூலை வெளியிட்ட ஏட்ரியன் பெல் என்பவரிடம் அப்பணி சென்றது. இதழாளரான அவருடைய தந்தையிடம் வந்த வேண்டுகோளை அவர் மகன் பக்கம் திருப்பிவிட்டதாகவும், அதுவரை பெல் ஒரு புதிரைக்கூட விடுவித்ததில்லை என்றும், பத்தே நாள்களில் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது என்றும் அக்குடும்பத்தார் வழியாகச் செய்தி உண்டு. தொடர்ந்து பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ 5,000 புதிர்களை அவர் அமைத்தார். கலப்பையையும் வேலியையும் அறிந்த ஒருவர் தலைநகரின் மிகக் கண்டிப்பான நாளிதழுக்குச் சொல்விளையாட்டு செய்து தந்தது, பிரிட்டிஷ் புதிரின் போக்குக்கு நல்ல அடையாளமாகக் கொள்ளத்தக்கது.

அந்தப் போக்குக்குச் சமூகக் காரணமும் ஒன்று இருந்தது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் சுமார் 40 இலட்சம் புதிய வீடுகள் எழுந்தன. அவற்றுள் மிகப் பல, நகரத்தின் விளிம்பில் முன்னால் சிறு பூந்தோட்டமும் பின்னால் புல்தரையும் காய்கறிப் பாத்தியும் கொண்ட இரட்டை வீடுகள். அங்கே குடியேறிய எழுத்தர்களும் ஆசிரியர்களும் வங்கிப் பணியாளர்களும் நாள்தோறும் இரயிலில் நகரத்துக்குச் சென்று திரும்பினர். பயணத்தில் மடித்துப் பிடித்த நாளிதழின் புதிர், வாரக் கடைசியில் மண்வெட்டி என்று ஒரே ஆளின் இரு பொழுதுபோக்குகளாக இவை அமைந்தன. 1930களில் பி.பி.சி. வானொலியில் தோட்டக்கலை பற்றிப் பேசிய சி. எச். மிடில்டன் நாடறிந்த குரலானதும் இதே மக்களால்தான். எனவே, புதிர் அமைப்பவர் ஒரு பூவின் பெயரைக் கேட்டால் வாசகர் அகராதியைத் தேட வேண்டியதில்லை. சன்னலைத் திறந்து பார்த்தால் போதும் என்ற நிலை உருவாகியிருந்தது.

கட்டத்தின் இலக்கணமும் இதற்கு இடம் கொடுத்தது. பக்கத்துக்குப் பதினைந்து கட்டங்கள் கொண்ட பிரிட்டிஷ் கட்டத்தில் சொல்லின் ஏறத்தாழ பாதி எழுத்துகளே பிற சொற்களால் வெட்டப்படுகின்றன. மற்றவை தனித்து நிற்கலாம். ஆகவே நீண்ட பெயர்களும் தொடர்ப்பெயர்களும் எளிதாகப் பொருந்தின. ‘ஆன்டிரைனம்’ போன்ற கரடுமுரடான இலத்தீன் பெயரும், ‘ஃபர்கெட்-மி-நாட்’ போன்ற வாக்கியப் பெயரும் அமெரிக்கக் கட்டத்தில் படும் பாட்டை இங்கே படுவதில்லை. ஆங்கிலேயர் தம் தோட்டச் செடிகளுக்கு இட்ட பெயர்களில் பல, அன்றாடச் சொற்களைக் கோத்தவை என்பது புதிர் அமைப்பவருக்குக் கிடைத்த புதையல். காசித்தும்பையின் உறவுச் செடி ஒன்றுக்கு ‘சுறுசுறுப்பான லிஸ்ஸி’ என்று பொருள்படும் பெயர். தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்து செந்நிறக் கதிர்களைத் தொங்கவிடும் செடிக்கு ‘காதல் குருதி கொட்டிக் கிடக்கிறது’ என்று பொருள்படும் பெயர். பின்னதைக் குறிப்பில் எழுதும்போது அது ஒரு துன்பியல் நாடகம் போலத் தோன்றுமே ஒழியக் கீரைக் குடும்பத்துச் செடி என்று எவருக்கும் தோன்றாது.

இந்த ஏமாற்றே பிரிட்டிஷ் புதிரின் உயிர். ‘கிரிப்டிக்’ எனப்படும் மறைபொருள் வகையில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பகுதிகளால் ஆனது: ஒரு பகுதி விடையின் நேர்ப்பொருளைச் சொல்லும், மற்றது விடையின் எழுத்துகளை எவ்வாறு சேர்ப்பது என்பதை வேறு பேச்சுப் போல மறைத்துச் சொல்லும். ‘அப்சர்வர்’ வார இதழில் 1926 முதல் 1939 வரை டார்க்கமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைத்த எட்வர்டு பாய்ஸ் மேதர்ஸ் இவ்வகையை முழுமைப்படுத்தினார். அவருக்குப் பின் சிமினிஸ் என்ற பெயரில் அப்பணியை ஏற்ற டி. எஸ். மக்நட், குறிப்பு எவ்வளவு ஏய்த்தாலும் இலக்கணப்படி நேர்மையாக இருக்க வேண்டும் என்று வரையறுத்து 1966இல் நூலே எழுதினார். இருவரும் தேர்ந்த பெயர்கள் ஸ்பெயின் நாட்டின் மத விசாரணை மன்றத் தலைவர்களுடையவை. வாசகரை வதைப்பதே தங்கள் தொழில் என்ற குறும்பு அதில் இருந்தது.

இம்முறையைத் தமிழிலேயே செய்து காட்டலாம். ‘கொடு! மான் குளத்தில் நிற்கிறது’ என்பது மூன்றெழுத்து விடைக்கான குறிப்பு என்று கொண்டால், படிப்பவர் மனத்தில் முதலில் எழுவது தண்ணீர் குடிக்க வந்த விலங்கின் உருவம். கொடு என்பதற்குத் ‘தா’ என்றும், மான் வகைகளுள் ஒன்றுக்கு ‘மரை’ என்றும் பெயர் உண்டென்று நினைவு வந்த கணத்தில் மான் மறைந்து குளத்தில் தாமரை நிற்கும். ‘சிவந்த பஞ்சுச் செடி வேலியோரம் பூக்கும்’ என்னும் ஆறெழுத்துக் குறிப்பில் செம்மையும் பருத்தியும் சேர்ந்து செம்பருத்தி ஆகும். ஒரு சொல்லைப் பிரித்துப் பிரித்து வினா எழுப்பி, விடைகளைச் சேர்த்தால் முழுச்சொல் கிடைக்குமாறு பாடும் வினாவுத்தரத்தைத் தண்டியலங்காரம் முன்பே சித்திரகவியுள் வகுத்துவைத்திருப்பதால், இக்கலை தமிழ்ச் செவிக்கு அயலானதும் அன்று.

ஆங்கிலத்தில் இதற்குத் தோட்டம் தந்த தளவாடம் மிகப் பெரிது. பூவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ என்ற எழுத்துக்கோவையையே ‘ஓடுவது’ என்றும் படிக்கலாம் என்பதால், குறிப்பில் பூ என்று கண்டால் தேம்ஸ் முதலிய ஆறுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது பழம் விதி. படுக்கையைக் குறிக்கும் சொல்லே பாத்தியையும் குறிக்கும். சதித்திட்டத்தைக் குறிக்கும் சொல்லே நிலத்துண்டையும் குறிக்கும். செடியைக் குறிக்கும் சொல்லே தொழிற்சாலையையும் குறிக்கும். மூலிகைகளில் ‘சேஜ்’ ஞானியும் ஆவார், ‘மின்ட்’ நாணயச்சாலையும் ஆகும். ‘ரோஸ்’ என்பது ரோசாவும் ‘எழுந்தாள்’ என்ற இறந்தகால வினையும் ஆவதால், ‘மேரிக்கு முன் எழுந்தாள், சமையலுக்கு மணம் சேர்த்தாள்’ என்ற பாணியில் வரும் குறிப்பு ஒரு வீட்டு வேலைக்காரியைக் காட்டி, ‘ரோஸ்மேரி’ என்னும் மூலிகையில் முடியும். புதிர் முழுவதும் தோட்டம் பற்றியது என்று முன்கூட்டியே தெரிந்தால் விடுவிப்பது எளிதாகிவிடும் என்று எண்ணுவது பிழை. கருப்பொருள் தெரிந்தவுடன் எல்லாச் சொல்லும் செடியாகத் தோன்றத் தொடங்கும்; தொழிற்சாலையைக் கேட்ட இடத்தில் வாசகர் செடியைத் தேடிக்கொண்டிருப்பார். தேர்ந்த புதிர் அமைப்பவர் இந்த மனநிலையை எதிர்பார்த்தே வலை விரிக்கிறார்.

ஒரே ஒரு முறை தோட்டப் பெயர் ஒன்று உளவுத்துறையை வரவழைத்தது. நார்மண்டியில் நேசப் படைகள் தரையிறங்கிய 1944 ஜூன் 6க்கு முந்தைய வாரங்களில், ‘டெய்லி டெலிகிராஃப்’ புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, நெப்டியூன் என்று படையெடுப்பின் இரகசியக் குறியீட்டுச் சொற்கள் ஒவ்வொன்றாக விடைகளாக வந்தன. மே 30 அன்று வந்தது ‘மல்பெரி’. கடலில் மிதக்கவிட்டு இணைக்கவிருந்த செயற்கைத் துறைமுகங்களுக்கான பெயர் அது. குறிப்போ, குழந்தைகள் சுற்றிச் சுற்றி ஆடும் பாட்டில் வரும் முசுக்கட்டைப் புதரை நினைவூட்டுவது; அதில் இருந்த ‘நர்சரி’ என்ற சொல் குழந்தைகள் அறையையும் நாற்றங்காலையும் ஒருங்கே குறித்தது. புதிர் அமைத்தவர் லெனர்டு டா என்னும் பள்ளித் தலைமையாசிரியர். அதிகாரிகள் அவரைத் துருவித் துருவி விசாரித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டத்தை நிரப்பும் சொற்களைத் தம் மாணவரிடமே அவர் கேட்டு வாங்குவது வழக்கம் என்றும், அருகிலிருந்த படைவீரர் பேச்சில் காதில் விழுந்த சொற்களையே சிறுவர்கள் தந்தார்கள் என்றும் முன்னாள் மாணவர் ஒருவர் 1984இல் சொன்னார். இவ்விளக்கத்தை முழுமையாக ஏற்காதவர்களும் உண்டு. முசுக்கட்டை மட்டுமே வந்திருந்தால், இங்கிலாந்தின் பழைய தோட்டங்களில் அது அவ்வளவு இயல்பான மரம் என்பதால், எவருக்கும் ஐயம் எழுந்திராது.

தோட்டமும் புதிரும் முழுமையாக ஒன்றுபட்டது ஒரு புனைபெயரில். சிலி நாட்டு மலைகளில் வளர்வதும், பெவன்ச்சே என்னும் பழங்குடியினருக்குக் கொட்டைகளால் உணவளிப்பதுமான அராக்கேரியா மரத்தை, கப்பல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஆர்ச்சிபால்டு மென்சிஸ் 1795இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். சிலியின் ஆளுநர் அளித்த விருந்தில் பரிமாறப்பட்ட கொட்டைகள் சிலவற்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் கப்பலிலேயே முளைக்கவைத்தார் என்பது கதை. ஐந்து கன்றுகள் பிழைத்து வந்தன. 1840களில் வீச் நாற்றங்காலுக்காக வில்லியம் லாப் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் திரட்டி அனுப்பிய பிறகு, செல்வர் வீட்டு முற்றங்கள்தோறும் அது நின்றது. தடித்த கூரிய இலைகள் கிளையைச் சுற்றிக் கவசம் போல அடுக்கப்பட்டிருக்கும் அம்மரத்தை, கார்ன்வால் மாவட்டத்துப் பென்கேரோ மாளிகைத் தோட்டத்தில் கண்ட வழக்கறிஞர் ஒருவர், இதில் ஏறுவது குரங்குக்கும் புதிர்தான் என்று சொன்னாராம். அதிலிருந்தே ‘மங்கி பஸில்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

‘தி கார்டியன்’ நாளிதழில் 1958 முதல் புதிர் அமைத்துவந்த கிறித்தவ குரு ஜான் கிரஹாம், புனைபெயர்கள் அச்சிடப்படத் தொடங்கிய 1970இல் இம்மரத்தின் இலத்தீன் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ இதழில் அவர் கொண்ட ‘சினிஃபைல்’ என்ற பெயர், திரைப்பட விரும்பி என்று பொருள்பட்டாலும், அதே மரத்தின் மற்றொரு பெயரான ‘சிலி பைன்’ என்பதன் எழுத்துகளை மாற்றி அடுக்கியது. மணமுறிவால் 1970களின் பிற்பகுதியில் தேவாலயப் பணியை இழந்தவருக்குப் புதிரே பிழைப்பாயிற்று. சிமினிஸ் வகுத்த கண்டிப்பான விதிகளுக்கு அவர் முழுமையாகக் கட்டுப்படவில்லை என்று குறைகூறியவர்கள் இருந்தனர். குறையில் உண்மையும் உண்டு. ஆனால் ஒரு விடையைக் கண்டால்தான் மற்ற பத்து விடைகளின் கருப்பொருள் புரியும் என்னும் வகைப் புதிரைப் பரவலாக்கியவர் அவரே. விடைகள் அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்திலும் தொடங்க, அவை கட்டத்தில் எங்கே அமரும் என்பதை வாசகரே கண்டறிய வேண்டிய புதிர் வகையும் அவருடைய கண்டுபிடிப்பு. நாற்றுகளைக் கையில் கொடுத்துவிட்டுப் பாத்தியின் எந்த மூலையில் எதை நடுவது என்று சொல்லாமல் போகும் தோட்டக்காரரைப் போன்றவர் அவர். 2013 ஜனவரியில் வெளியான 25,842ஆம் எண் புதிரில், தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டிருப்பதை விடைகளின் வழியாகவே வாசகருக்கு அறிவித்தார். எண்ணற்ற மடல்கள் வந்து குவிந்தன. அந்நவம்பரில், தம் 92ஆம் வயதில், அவர் காலமானார்.

இப்புதிர் மரபு ஆங்கில நாளிதழ்களோடு சேர்ந்து பிற நாடுகளுக்கும் சென்றது. சென்னையிலிருந்து வெளிவரும் ‘தி ஹிந்து’ நாளிதழில் பல பத்தாண்டுகளாக மறைபொருள் புதிர் இடம்பெற்றுவருகிறது. அதற்கென்று தவறாத வாசகர் கூட்டமும் உண்டு. லண்டன் புறநகர் வாசகர் சன்னல் வழியே கண்ட பூக்களைச் சென்னை வாசகர் கட்டத்துக்குள் மட்டுமே கண்டார். ‘ஆஸ்டர்’ என்பது அவருக்கு ஐந்தெழுத்துப் பூ. அதன் நிறத்தைக் கேட்டால் தயங்குவார், ஆனால் அதன் முதலெழுத்தை நீக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் உடனே சொல்வார். அகராதியிலிருந்து தோட்டத்துக்கு வந்த தாவரம், கடல் கடந்தபோது மறுபடியும் அகராதிக்கே திரும்பியது என்று சொல்லலாம். இதில் இழப்பு மட்டும் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை: பார்த்திராத செடியை எழுத்துகளின் உறவால் அறிந்துகொள்வதற்கும் தனிச்சுவை உண்டு, கோமுட்டிப் பனையின் நாரை எழுதிய 1913ஆம் ஆண்டு நியூயார்க் வாசகர் சுவைத்ததும் அதுவே. விதிவிலக்காக, அராக்கேரியா மட்டும் தமிழ்நாட்டில் நேரிலேயே காணக் கிடைத்தது. 1840களின் இறுதியில் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர் வடிவமைத்த உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவில், குரங்கு ஏற முடியாத மரம் என்று வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் சென்று காட்டுவது அந்த இனத்து மரத்தைத்தான். அதே இனத்தின் பசிபிக் தீவு உறவுகள், அடுக்கடுக்கான கிளைகளோடு, சென்னை வீடுகளின் வாசலில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் நெடுங்காலமாக வளர்ந்துவருகின்றன.